205 ஆண்டு காத்திருந்த மன்னர்

ஜெர்மனியில், பெர்லின் நகருக்கு அருகே போட்ஸ்டாம் என்ற ஊர் இருக்கிறது. 1945-ம் ஆண்டு ஐரோப்பாவில் யுத்தம் ஓய்ந்ததும் ட்ரூமன், சர்ச்சில், ஸ்டாலின் ஆகிய மூன்று தலைவர்களும் கூடிப் பேசிய ஊர் இதுதான்.

அந்த ஊரில் ஒரு பெரிய பூங்கா. அதன் பரப்பு 700 ஏக்கருக்கு மேல். நடந்து சுற்றிப் பார்க்க ஒரு நாள் போதாது. மரங்கள் அடர்ந்த சாலைகள், சலவைக்கல் சிலைகள், நீரூற்று, நடுநடுவே அரண்மனைகள். இந்தப் பூங்காவையும் இதன் மாளிகைகளையும் உலகத்தின் பொதுச் செல்வம் என்று 1990-ல் யுனெஸ்கோ ஏற்றுக்கொண்டது.

பூங்காவின் நடுவே ஒரு குன்று. குன்றின் சரிவு படிப்படியாக வெட்டப்பட்டு, ஆறு தளங்களாக அமைந்திருக்கிறது. ஒவ்வொரு தளத்திலும் திராட்சைக் கொடிகள். அவற்றின் நடுவே 132 படிகள். ஏறிப் போனால், உச்சியில் மஞ்சள் நிறத்தில் ஓர் அரண்மனை. அதற்கு மாடி கிடையாது. அரண்மனை என்றால் வானளாவ இருக்கும் என்று எண்ணி வருகிறவர்கள், அதன் அடக்கத்தைக் கண்டு வியந்து நிற்கிறார்கள்.

அரண்மனையின் பெயர் சான்சூசி. பிரெஞ்சு மொழியில் கவலையில்லை என்று பொருள்.

அதன் ஓரத்தில், புல்தரையில், ஒரு சாதாரணக் கல் பதித்திருக்கிறது. அதன் மேல் எப்போதும் உருளைக்கிழங்குகள் கிடக்கும். பக்கத்திலேயே நாய்களின் கல்லறைகள்.

அந்தக் கல்லின் கீழ் உறங்குகிறவர் ஒரு மன்னர். ஐரோப்பாவையே நடுங்க வைத்தவர். மகா பிரடெரிக் என்று சரித்திரம் அவரை அழைக்கிறது.

தாம் விரும்பிய இந்த ஆறடி மண்ணுக்கு வந்து சேர, இறந்த பிறகு அவர் 205 ஆண்டு காத்திருக்க நேர்ந்தது!

முரட்டுத் தந்தை

1712-ம் ஆண்டு ஜனவரி 24-ந் தேதி பெர்லினில் பிரடெரிக் பிறந்தார். அப்போது ஜெர்மனி ஒரே நாடாக இல்லை. பல சிற்றரசுகளாகச் சிதறிக் கிடந்தது. அவற்றில் ஒன்று பிரஷியா. பிரடெரிக்கின் தந்தை பிரடெரிக் வில்லியம் 1713-ல் அந்த நாட்டுக்கு மன்னரானார்.

தந்தைக்குப் பட்டாளம்தான் உயிர். ஆடம்பரம் பிடிக்காது. ஒரு காசு வீணானாலும் பொறுக்க மாட்டார். ஆனால் ஒரே ஒரு ஆசைக்கு மட்டும் பணத்தை வாரி இறைத்தார். உயரமான சிப்பாய்களைச் சேர்ப்பதுதான் அந்த ஆசை! ஆறடிக்கு மேல் வளர்ந்தவர்களை ஐரோப்பா முழுவதும் தேடிப் பிடித்து வந்து, தனிப் படை அமைத்தார்.

கோபம் வந்தால் அவருக்குக் கண்மண் தெரியாது. கையில் இருக்கும் தடியால் யாரையும் விளாசி விடுவார்.

மகனோ இதற்கு நேர்மாறு. பிரெஞ்சுப் புத்தகம் படிப்பார். கவிதை எழுதுவார். புல்லாங்குழல் வாசிப்பார். க்வான்ட்ஸ் என்ற வித்துவானிடம் தந்தைக்குத் தெரியாமல் குழல் கற்றார். தம்மைவிட மூன்று வயது மூத்த அக்காள் வில்ஹெல்மினாவிடம் மட்டுமே மனம் விட்டுப் பேசுவார்.

நாட்டை ஆள வேண்டிய பிள்ளை குழல் ஊதுகிறானே என்று தந்தைக்கு ஆத்திரம். மகனைப் பலர் முன்னிலையில் அடித்தார். வேலைக்காரர்கள் பார்க்க அவமானப்படுத்தினார். பட்டத்து இளவரசர் தலைகுனிந்து நின்றார்.

தப்பி ஓடத் திட்டம்

1730-ல் பிரடெரிக்குக்கு வயது 18. இனி இங்கே இருக்க முடியாது, இங்கிலாந்துக்கு ஓடி விடலாம் என்று முடிவு செய்தார். இங்கிலாந்து அவருடைய தாயார் பிறந்த குடும்பம் ஆண்ட நாடு.

காட்டே என்ற வாலிபர் இளவரசருக்கு உயிர் நண்பர். படையில் ஓர் அதிகாரி. வயது 26. அவர் உதவ முன்வந்தார்.

ஆகஸ்டு மாதம், தந்தையுடன் தென் ஜெர்மனியில் பிரயாணம் செய்தபோது, இளவரசர் தப்பி ஓட முயன்றார். திட்டம் வெளியாகி விட்டது. இளவரசர் பிடிபட்டார். காட்டேயும் கைதானார்.

மன்னரின் சினம் எல்லை கடந்தது. படையை விட்டு ஓட நினைத்தது ராஜத் துரோகம் என்றார். கூஸ்ட்ரின் என்ற கோட்டையில் மகனைச் சிறை வைத்தார்.

காட்டே மீது ராணுவ நீதிமன்றத்தில் விசாரணை நடந்தது. ஆயுள் தண்டனை கொடுக்கலாம் என்று நீதிபதிகள் கூறினார்கள். மன்னர் அதை ஏற்கவில்லை. மரண தண்டனை என்று மாற்றி எழுதினார்.

1730-ம் ஆண்டு நவம்பர் 6-ந் தேதி காலை. காட்டேயைக் கூஸ்ட்ரின் கோட்டைக்கே கொண்டு வந்தார்கள். இளவரசரை அறை ஜன்னலருகே நிறுத்தினார்கள். நண்பனின் சாவை அவர் பார்த்தே ஆகவேண்டும் என்பது தந்தையின் கட்டளை!

பிரடெரிக் ஜன்னலிலிருந்து நண்பனிடம் கதறி மன்னிப்புக் கேட்டார். காட்டே கலங்காமல் நடந்து போனார். வாள் வீசப்பட்டது. இளவரசர் மயங்கி விழுந்தார்.

பிரடெரிக்கின் உயிருக்காக வெளிநாட்டு அரசர்களும் மன்றாடினார்கள். அவர்களில் ஒருவர் ஆஸ்திரியச் சக்கரவர்த்தி ஆறாம் சார்லஸ். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கதையில் மறுபடியும் வருகிறது.

அடங்கிய மகன்

அதன் பிறகு பிரடெரிக் மாறிவிட்டார். தந்தை சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார். கூஸ்ட்ரினில் கணக்கு வழக்கு பார்த்தார். நில வரி, விவசாயம், வியாபாரம் எல்லாம் கற்றார். மனத்தில் இருப்பதை முகத்தில் காட்டாமல் இருக்கவும் கற்றார்.

1733-ல் தந்தை காட்டிய பெண்ணை மணந்தார். அவர் பெயர் எலிசபெத் கிறிஸ்டினா. நல்ல குணவதி. ஆனால் கணவரின் அன்பு அவருக்குக் கிடைக்கவில்லை. குழந்தையும் இல்லை. பட்டத்துக்கு வந்த பின் பிரடெரிக் மனைவியைப் பிரிந்து வாழ்ந்தார். மகாராணி பெர்லினை அடுத்த வேறொரு மாளிகையில் காலம் கழித்தார். கவலையில்லா அரண்மனையில் அவருக்கு ஓர் அறைகூட ஒதுக்கப்படவில்லை. தந்தையின் கொடுமையை அனுபவித்தவர், அந்தப் பெண்ணின் மனத்தை எண்ணிப் பார்க்கவில்லை.

1740 மே 31-ந் தேதி தந்தை இறந்தார். 28 வயதில் பிரடெரிக் மன்னரானார்.

மக்கள் மகிழ்ந்தார்கள். புல்லாங்குழல் மன்னர் வந்துவிட்டார், இனி யுத்தம் இராது என்று பலர் எண்ணினார்கள். அதற்கேற்பவே காரியங்களும் நடந்தன. குற்றம் சாட்டப்பட்டவர்களைச் சித்திரவதை செய்து உண்மை வாங்கும் வழக்கத்தைச் சில குற்றங்கள் நீங்கலாகப் புது மன்னர் நிறுத்தினார். பிற்காலத்தில் அது அடியோடு ஒழிந்தது. தந்தையின் நெட்டைப் படையையும் கலைத்தார்.

ஆனால் தந்தை விட்டுச் சென்ற மற்றப் படையை அவர் கலைக்கவில்லை. சுமார் 80 ஆயிரம் வீரர்கள். நிறைந்த கஜானா.

நன்றி மறந்தாரா?

அதே ஆண்டு அக்டோபரில் ஆஸ்திரியச் சக்கரவர்த்தி ஆறாம் சார்லஸ் காலமானார். அவருக்கு ஆண் வாரிசு இல்லை. 23 வயது மகள் மரியா தெரசா பட்டத்துக்கு வந்தார்.

பிரடெரிக் காத்திருக்கவில்லை. டிசம்பரில் ஆஸ்திரியாவின் வளம் மிக்க சைலீஷியா மாகாணத்துக்குள் படையுடன் புகுந்தார். தம் உயிருக்காகப் பரிந்து பேசியவரின் மகளுடைய நாடு அது!

முதல் பெரிய சண்டை 1741 ஏப்ரலில் மோல்விட்ஸ் என்ற ஊரில் நடந்தது. தோற்றோம் என்று நினைத்து மன்னர் களத்தை விட்டே போய்விட்டார். அவருடைய தளபதி ஷ்வேரின் நின்று போராடி வெற்றி தேடித் தந்தார். பிரடெரிக்குக்கு அது பாடமாயிற்று. 

1745-ல் சமாதானம் ஆனபோது சைலீஷியா பிரஷியாவின் கையில் இருந்தது.

கவலையில்லா மாளிகை

யுத்தத்துக்கு நடுவிலேயே மன்னர் போட்ஸ்டாம் குன்றின் மேல் கண் வைத்திருந்தார். 1744-ல் அதன் சரிவைத் தளங்களாக வெட்டித் திராட்சை பயிரிட உத்தரவிட்டார். அது குளிர் மிகுந்த பிரதேசம். ஆகவே சுவரில் மாடங்கள் அமைத்து, கண்ணாடிக் கதவுகள் போட்டு, அத்தி போன்ற மென்மையான செடிகளையும் காத்தார்.

அங்கே அவர் கட்டிய முதல் இடம் எது தெரியுமா? தமக்கான கல்லறை! மேல் தளத்தின் ஓரத்தில், அரண்மனைக்கு அடிக்கல் நாட்டும் முன்பே, நிலவறை ஒன்றை அமைத்தார்.

1745 ஏப்ரலில் அரண்மனை வேலை தொடங்கியது. சிற்பி நோபல்ஸ்டார்ப் மன்னரின் நண்பர். கட்டடத்தை உயர்த்திக் கட்டினால்தான் கீழேயிருந்து பார்க்க எடுப்பாக இருக்கும் என்றார் அவர். மன்னர் மறுத்தார். கதவைத் திறந்து காலை வைத்தால் தோட்டம் இருக்கவேண்டும் என்பது அவர் ஆசை. மன்னர் சொன்னபடியே கட்டடம் எழுந்தது. நட்பு கசந்தது. 1747 மே முதல் தேதி புதுமனை புகுவிழா நடந்தது.

அரண்மனையில் முக்கிய அறைகள் 12-தான். வட்ட வடிவமான புத்தக அறை ஒன்று. தேவதாரு மரத்தால் இழைத்த சுவர்கள். சுமார் 2,000 புத்தகங்கள். சங்கீதத்துக்கு ஒரு தனி அறை. அங்கே மாலை வேளைகளில் மன்னரே குழல் வாசிப்பார். புகழ்பெற்ற பாக்கின் மகன் கார்ல் பிலிப் இமானுவேல் பாக், மன்னரின் இசைக்குழுவில் இருந்தார். மாளிகை திறந்த அதே மாதத்தில் தந்தை பாக்கும் போட்ஸ்டாமுக்கு வந்தார். நகரத்து அரண்மனையில் மன்னர் ஒரு மெட்டைக் கொடுக்க, முதியவர் அதை வைத்து அங்கேயே இசை விருந்து படைத்தார்.

1750-ல் பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் வந்து தங்கினார். அறிஞர்கள் வட்ட மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பேசினார்கள். ஆனால் இரண்டு கூர்வாள்கள் ஓர் உறையில் எத்தனை நாள் இருக்கும்? பூசல் முற்றி 1753-ல் வால்டேர் வெளியேறினார். இருந்தும் பிற்காலத்தில் இருவரும் மீண்டும் கடிதம் எழுதிக்கொண்டார்கள்.

பூங்காவில் பெரிய நீரூற்று அமைக்கவும் மன்னர் ஆசைப்பட்டார். ஏராளமாகச் செலவழித்தார். தண்ணீர் மேலே ஏறவில்லை. அவர் இறந்து பல ஆண்டு கழித்து, 1842-ல், நீராவி எந்திரத்தின் உதவியால்தான் நீர் பொங்கி எழுந்தது. போர்க்களத்தில் ஜெயித்தவர் தண்ணீரிடம் தோற்றார்!

ஆலைக்காரன் கதை

அரண்மனையை ஒட்டி ஒரு காற்றாலை நிற்கிறது. அதைப் பற்றி ஒரு கதை உண்டு. ஆலை சுழலும் சத்தம் மன்னருக்கு இடைஞ்சலாம். விலைக்குக் கேட்டாராம். ஆலைக்காரன் மறுத்தானாம். பறித்துக்கொள்வேன் என்று மன்னர் மிரட்ட, பெர்லினில் நீதிமன்றம் இருக்கிறது என்று அவன் நினைவூட்டினானாம். மன்னர் பணிந்தாராம்.

இது வெறும் கதை. நடந்ததற்குச் சான்று இல்லை. பழைய ஆலை 1945 யுத்தத்தில் எரிந்து போயிற்று. இப்போது இருப்பது 1993-ல் மீண்டும் கட்டி முடித்தது. கதை மட்டும் எரியாமல் நிற்கிறது!

ஏழாண்டு யுத்தம்

1756-ல் பெரும் யுத்தம் மூண்டது. ஆஸ்திரியா, பிரான்சு, ரஷியா மூன்றும் சேர்ந்து பிரஷியாவை எதிர்த்தன. இங்கிலாந்து பிரடெரிக்கின் பக்கம் நின்றது.

இந்த யுத்தத்தின் தீ தமிழ்நாட்டிலும் எரிந்தது. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் இங்கே மோதிக்கொண்டார்கள். 1760 ஜனவரியில் வந்தவாசியில் பிரெஞ்சுப் படை தோற்றது. 1761 ஜனவரியில் புதுச்சேரி வீழ்ந்தது.

ஐரோப்பாவில் பிரடெரிக் ஏழாண்டு அலைந்தார். 1757 நவம்பரில் ராஸ்பாக்கிலும், டிசம்பரில் லாய்த்தனிலும் தம்மைவிடப் பெரிய படைகளை முறியடித்தார். 1758 அக்டோபர் 14-ந் தேதி ஹோக்கிர்க் என்ற இடத்தில் தோற்றார். அதே நாளில் அக்காள் வில்ஹெல்மினா இறந்தார். சேதி வந்தபோது மன்னர் உடைந்து போனார்.

1759 ஆகஸ்டு 12-ந் தேதி கூனர்ஸ்டார்பில் எல்லாவற்றிலும் பெரிய தோல்வி. மன்னர் ஏறியிருந்த இரண்டு குதிரைகள் சுடப்பட்டு விழுந்தன. ஒரு குண்டு அவர் மேலேயே பாய்ந்தது. சட்டைப் பையில் இருந்த மூக்குப்பொடி டப்பா அதைத் தடுத்தது என்பார்கள். அன்று இரவு, பெரும் படையில் அவரைச் சுற்றி நின்றவர் சில ஆயிரம் பேரே. இனி உயிர் எதற்கு என்று அவர் எண்ணியதும் உண்டு. 1760-ல் எதிரிகள் பெர்லினுக்குள்ளேயே புகுந்தார்கள்.

எல்லாம் முடிந்தது என்ற நிலையில், 1762 ஜனவரியில், ரஷிய மகாராணி எலிசபெத் காலமானார். அடுத்து வந்த மூன்றாம் பீட்டர், பிரடெரிக்கின் அபிமானி! உடனே சண்டையை நிறுத்தினார். 1763 பிப்ரவரியில் சமாதானம் ஏற்பட்டது. சைலீஷியா பிரஷியாவுக்கே நிலைத்தது.

சைலீஷியா கிடைத்தது. அதற்கு விலை எத்தனை உயிர்கள்! கிராமங்கள் பாழாயின. 51 வயது மன்னர் கிழவராகத் திரும்பி வந்தார்.

பொடி சிந்திய சட்டை

பிரஷியா இன்னும் சாகவில்லை என்று உலகத்துக்குக் காட்ட, பூங்காவின் மேற்குக் கோடியில் ஒரு பிரம்மாண்ட மாளிகை எழுப்பினார். அதுதான் புதிய அரண்மனை. 1763-ல் தொடங்கி 1769-ல் முடிந்தது. 200-க்கு மேற்பட்ட அறைகள். ஆனால் மன்னர் பெரும்பாலும் விருந்தினரையே அங்கே தங்க வைத்தார். அவர் மட்டும் 12 அறை மாளிகையிலேயே இருந்தார். புதிய அரண்மனைக்கு அருகில், அக்காளின் நினைவாகச் சலவைக்கல் மண்டபம் ஒன்று கட்டினார். அதனுள் வில்ஹெல்மினா சிலையாக வீற்றிருக்கிறார்.

விடியுமுன் எழுந்து மனுக்களைப் படிப்பார். நாடெங்கும் வண்டியில் சுற்றுவார். விதை, குதிரை, கால்வாய் என்று கேள்வி மேல் கேள்வி கேட்பார். ஓடர் ஆற்றங்கரைச் சதுப்பு நிலத்தை வற்றச் செய்து, குடியானவர்களைக் குடியேற்றினார். 1756-ல் உருளைக்கிழங்கு பயிரிடும்படி அதிகாரிகளுக்கு ஆணை அனுப்பினார். அந்நியக் கிழங்கைத் தின்ன மக்கள் தயங்கிய காலம் அது. நாளடைவில் அதுவே ஏழைகளைப் பஞ்சத்திலிருந்து காத்தது.

எந்த மதத்தாரும் வந்து வாழலாம் என்றார். ஆயினும் யூதர்களுக்கு மட்டும் கடுமையான கட்டுப்பாடுகளை விதித்தார். 1772-ல் ஆஸ்திரியா, ரஷியாவுடன் சேர்ந்து போலந்தைப் பங்கு போட்டார். அவருடைய வாழ்வில் ஒளியும் நிழலும் கலந்தே கிடக்கின்றன.

முதுமையில் பழைய நீலச் சட்டைதான் அணிவார். அதன் மேல் மூக்குப்பொடி சிந்தியிருக்கும். நண்பர்கள் ஒவ்வொருவராக மறைந்தார்கள். பல் விழுந்ததால் குழல் வாசிப்பதும் நின்றது. மெலிந்த வேட்டை நாய்கள் மட்டுமே துணை. அவை இறந்தபோது மேல் தளத்தில், தம் கல்லறையின் பக்கத்திலேயே புதைத்தார்.

1786 ஆகஸ்டு 17-ந் தேதி, விடியற்காலத்துக்கு முன், சாய்வு நாற்காலியில் இருந்தபடியே மன்னர் உயிர் நீத்தார். வயது 74.

நிறைவேறாத ஆசை

உயிலில் அவர் தெளிவாக எழுதியிருந்தார். ஆடம்பரம் கூடாது. இரவில், ஒரு விளக்கொளியில், சான்சூசி நிலவறையில் தம்மை வைக்க வேண்டும். அவ்வளவுதான்.

பட்டத்துக்கு வந்த தம்பி மகன் அதை ஏற்கவில்லை. நாய்களுக்குப் பக்கத்தில் ஒரு மன்னரா என்று எண்ணினார் போலும். போட்ஸ்டாம் படைக் கோயிலில் அடக்கம் செய்தார். யாருக்குப் பக்கத்தில் தெரியுமா?

தந்தைக்குப் பக்கத்தில்!

எந்தத் தந்தைக்கு அஞ்சி ஓடினாரோ, அவருக்கு அருகிலேயே 150 ஆண்டுகளுக்கு மேல் பிரடெரிக் கிடந்தார். 1806-ல் பிரஷியாவை வென்ற நெப்போலியன் அந்தக் கல்லறைக்கு வந்து மரியாதை செலுத்தினான்.

1943-ல் இரண்டாம் உலக யுத்தத்தின் குண்டு வீச்சுக்கு அஞ்சி, இரு பெட்டிகளையும் அப்புறப்படுத்தினார்கள். பிறகு பூமிக்கடியில் ஓர் உப்புச் சுரங்கத்தில் ஒளித்து வைத்தார்கள். 1945-ல் அமெரிக்கச் சிப்பாய்கள் அங்கே கண்டெடுத்தார்கள். படைக் கோயிலோ அதே ஆண்டு குண்டு வீச்சில் எரிந்தது. பெட்டிகள் மார்பர்க் நகரின் தேவாலயத்துக்குப் போயின. 1950-களின் தொடக்கத்தில் அங்கிருந்து தெற்கே ஹோஹென்சாலர்ன் மலைக்கோட்டைக்குப் போயின.

ஊர் ஊராகப் போனபோதும் தந்தையும் மகனும் சேர்ந்தே போனார்கள். சொந்த ஊரான போட்ஸ்டாம் கிழக்கு ஜெர்மனியில் சிக்கிக்கொண்டதால் திரும்ப வழியில்லை.

1990-ல் இரண்டு ஜெர்மனிகளும் ஒன்றாயின. 1991 ஆகஸ்டில் பெட்டிகள் ரயிலில் போட்ஸ்டாமுக்கு வந்தன. யுத்த வெறியைத் தூண்டிய மன்னருக்கு இத்தனை மரியாதையா என்று ஒரு சாரார் குறை கூறினார்கள். கடைசி ஆசையை நிறைவேற்றுவது கடமை என்றார்கள் மற்றவர்கள்.

ஆகஸ்டு 17-ந் தேதி, அவர் இறந்த அதே நாளின் இரவில், மேல் தளத்து நிலவறையில் பெட்டியை இறக்கினார்கள். தந்தைக்கு அதே பூங்காவில் வேறோர் ஆலயத்தில் இடம் தந்தார்கள். அன்றுதான் இருவரும் பிரிந்தார்கள்.

இன்று 132 படி ஏறி வருகிறவர்கள் அந்தக் கல்லருகே சற்று நிற்கிறார்கள். கல்லில் அவர் பெயரைத் தவிர வேறு வாசகம் இல்லை. அவர் வென்ற களங்களின் பட்டியலும் இல்லை. பூ வைப்பவர்கள் சிலர். பையிலிருந்து ஓர் உருளைக்கிழங்கை எடுத்து வைப்பவர்களே பலர்.

சைலீஷியாவுக்காக அவர் அத்தனை ரத்தம் சிந்தினார். அந்த மண்ணின் பெரும்பகுதி இன்று போலந்தில் இருக்கிறது. காட்டேயின் தலை விழுந்த கூஸ்ட்ரினும் போலந்தில்தான். அவர் ஊன்றச் சொன்ன கிழங்கோ, ஒவ்வொரு ஜெர்மன் வீட்டுச் சட்டியிலும் இன்றும் வேகிறது.